காகிதம் வரும் முன்னே, கப்பல் வரும் பின்னே

கடல்வழி ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்கள் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு கண்டெய்னர் பனியன் அனுப்ப இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பி.எல்., ஒரிஜின் சர்டிபிகேட் என்று இத்தனை எதற்கு? எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிவிடக் கூடாதா?
(புதிய ஏற்றுமதியாளர், திருப்பூர்)

பதில்: ஒவ்வொரு தாளும் வேறு வேறு ஆளுக்குப் பதில் சொல்கிறது. விலை என்ன என்று கேட்பவருக்கு இன்வாய்ஸ். எந்தப் பெட்டியில் எத்தனை உருப்படி என்று திறந்து பார்ப்பவருக்குப் பேக்கிங் லிஸ்ட். நாட்டைவிட்டு வெளியே போகலாமா என்று கேட்கும் சுங்கத்துறைக்கு ஷிப்பிங் பில். அதை ஐஸ்கேட் தளத்தில் பதிந்து, ‘லெட் எக்ஸ்போர்ட்’ உத்தரவு கிடைத்த பிறகே பெட்டி கப்பலேறும். இந்தியாவில் தயாரானதுதானா என்று இறங்கும் நாட்டின் சுங்கம் கேட்கும். ஒரிஜின் சர்டிபிகேட் இருந்தால்தான் ஒப்பந்த நாடுகளில் வரிச்சலுகை.

இவை எல்லாம் சரக்கைப் பற்றிப் பேசுகிற தாள்கள். பி.எல். (பில் ஆஃப் லேடிங்) மட்டும்தான் சரக்கையே கைமாற்றுகிற தாள்.

ஐந்திலும் பெட்டிகளின் எண்ணிக்கை, எடை, மார்க் ஒன்றாக இருக்கட்டும். இன்வாய்ஸை ஒருவர், பேக்கிங் லிஸ்டை இன்னொருவர் என்று தனித்தனியாகத் தட்டச்சு செய்யும் கம்பெனிகளில்தான் பெரும்பாலான தகராறுகள் பிறக்கின்றன.

கேள்வி: பி.எல். என்பது சரக்கை வாங்கிக்கொண்டதற்கான ரசீதுதானே? அதற்குப் போய் ஏன் இவ்வளவு பயம்?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ரசீதும்தான். ரசீதோடு நின்றிருந்தால் பயம் தேவையில்லை. இந்தச் சரக்கை இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறேன் என்ற ஒப்பந்தத்துக்கு அதுவே சான்று. அதற்கும் மேலே, அந்தத் தாளை நீட்டுகிறவருக்கே கப்பல் கம்பெனி சரக்கைக் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றாவது தகுதியைக் கொடுத்தது வணிகர்களின் வழக்கம். நீதிமன்றம் அதைப் பின்னால்தான் ஏற்றது. 1787இல் இங்கிலாந்தில் லிக்பேரோ எதிர் மேசன் என்று ஒரு வழக்கு. ஹாலந்தின் மிடில்பர்க்கிலிருந்து லிவர்பூலுக்குத் தானியம் போனது. அதை வாங்கியவர், பணம் கட்டும் முன்பே பி.எல்.லின் முதுகில் கையெழுத்துப் போட்டு லிக்பேரோவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத் திவாலாகிவிட்டார். பணம் வராத விற்பனையாளர் வழியிலேயே சரக்கைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். நல்ல நம்பிக்கையில் விலை கொடுத்துத் தாளை வாங்கியவருக்கே சரக்கு என்று முடிவானது. ‘டு ஆர்டர்’ என்று எழுதிய பி.எல். கையெழுத்தால் கைமாறும் என்ற விதி அதிலிருந்து உறுதிப்பட்டது.

சரக்கு நடுக்கடலில் இருக்கும்போதே கரையில் அதை விற்கலாம், மறுபடி விற்கலாம், வங்கியில் அடகு வைக்கலாம். உலகக் கடல் வணிகத்துக்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வருவது இந்த ஒரு தாளை நம்பித்தான். அதை அலட்சியமாகக் கையாளுகிறவர் சரக்கையே தெருவில் விட்டுவிட்டுப் போகிறார்.

கேள்வி: அவ்வளவு முக்கியமான தாளை மூன்று ஒரிஜினலாக ஏன் கொடுக்கிறார்கள்?
(கணக்காளர், கோயம்புத்தூர்)

பதில்: பாய்மரக் காலத்துப் பழக்கம். தபாலும் கப்பலில்தான் போனது. ஒரு கப்பல் மூழ்கினால் இன்னொன்றில் அனுப்பிய பிரதியாவது போய்ச் சேரட்டும் என்று மூன்று. காரணம் போய்விட்டது, வழக்கம் நிற்கிறது, ஆபத்தும் கூடவே நிற்கிறது. மூன்றில் எந்த ஒன்றைக் கொடுத்தாலும் சரக்கு கிடைக்கும்; மற்ற இரண்டும் அந்தக் கணமே செல்லாது.

1882இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போன வழக்கு ஒன்று உண்டு. ஜமைக்காவிலிருந்து லண்டனுக்குச் சர்க்கரை வந்தது. வாங்கியவர் முதல் பிரதியை வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கினார். பிறகு இரண்டாவது பிரதியைக் காட்டிக் கிடங்கிலிருந்து சர்க்கரையை எடுக்க வழி செய்துவிட்டார். வங்கி கிடங்குக்காரர்மேல் வழக்குப் போட்டுத் தோற்றது. வேறொரு பிரதி அடகில் இருப்பது கிடங்குக்காரருக்குத் தெரியாது, அவர் நேர்மையாகவே கொடுத்திருக்கிறார் என்பது தீர்ப்பு.

வங்கிகள் பொதுவாக மூன்று ஒரிஜினலும் சேர்ந்த ‘ஃபுல் செட்’ இல்லாமல் தொடுவதில்லை. நீங்களும் மூன்றையும் எண்ணி வாங்குங்கள், எண்ணிக் கொடுங்கள். ஒன்றை நேராக வாங்குபவருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு இரண்டை வங்கியில் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: அவசரம் என்று சொல்லி வாங்குபவர் ‘டெலக்ஸ் ரிலீஸ்’ கேட்கிறார். பணம் அனுப்பிவிட்டதாக ஸ்விஃப்ட் காப்பியும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. கொடுக்கலாமா?
(ஏற்றுமதியாளர், கரூர்)

பதில்: உங்கள் கணக்கில் பணம் ஏறிவிட்டதா? ஏறியிருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். படம் பணமாகாது. ஒரிஜினலை இங்கேயே கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்து, அங்கே சரக்கை விடச் சொல்லிவிட்டால் அப்புறம் உங்கள் கையில் ஒன்றுமே இல்லை.

கேள்வி: எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும்வரை மட்டுமே என் செலவு). ஃபார்வர்டரை (சரக்கு அனுப்பும் முகவரை) வாங்குபவரே நியமித்தார். ஒரிஜினல் பி.எல். மூன்றும் என் வங்கியில் இருக்கின்றன. ஆனால் சரக்கு அங்கே எப்போதோ டெலிவரி ஆகிவிட்டது, பணமும் வரவில்லை. இது எப்படிச் சாத்தியம்?
(பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்)

பதில்: உங்கள் கடிதம் மனத்தைப் பிசைகிறது. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மிக வேதனையானவை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

உங்களிடம் இருப்பது எந்த பி.எல். என்று முதலில் பாருங்கள். மேலே கப்பல் கம்பெனியின் பெயர் இருக்கிறதா, ஃபார்வர்டரின் பெயரா? ஃபார்வர்டர் பெயர் என்றால் அது ‘ஹவுஸ்’ பி.எல். கப்பல் கம்பெனி கொடுத்த ‘மாஸ்டர்’ பி.எல்.லில் அனுப்புநர் இடத்தில் ஃபார்வர்டரும், பெறுநர் இடத்தில் அங்கே உள்ள அவருடைய ஏஜென்ட்டும் இருப்பார்கள். கப்பல் கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் யாரென்றே தெரியாது. அது மாஸ்டரைப் பார்த்து ஏஜென்ட்டிடம் சரக்கை விட்டுவிட்டது, அது நியாயம்தான். உங்கள் ஹவுஸ் ஒரிஜினலை வாங்காமல் அந்த ஏஜென்ட் வாங்குபவரிடம் கொடுத்தாரே, குற்றம் அங்கேதான். வாங்குபவர் நியமித்த ஃபார்வர்டருக்கு வாங்குபவரே வாடிக்கையாளர்; அவர் முகத்துக்கு எதிரே முடியாது என்று சொல்வது கடினம்.

உடனே செய்ய வேண்டியவை: ஹவுஸ் பி.எல். கொடுத்த ஃபார்வர்டருக்கு, ஒரிஜினல் இல்லாமல் டெலிவரி கொடுத்ததற்குப் பொறுப்பேற்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ். கண்டெய்னர் என்று காலியாகத் திரும்பியது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த ஃபார்வர்டர் 1993ஆம் ஆண்டின் மல்டிமோடல் சட்டப்படி கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவானவரா என்று பாருங்கள். ஈ.சி.ஜி.சி. ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுப் பாலிசி இருந்தால் அங்கே தாமதமின்றித் தகவல் கொடுங்கள். பி.எல்.லின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் வழக்குப் போடும் கெடு இருக்கும். பல தாள்களில் அது ஒன்பது மாதம் அல்லது ஒரு வருடம்தான். வாங்குபவர் தருவேன் தருவேன் என்று இழுத்தடிப்பதே அந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான்.

அடுத்த ஆர்டருக்கு ஒரு வார்த்தை. கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது, எஃப்.சி.ஏ. (சரக்கைப் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைப்பதோடு பொறுப்பு முடிவது) போடுங்கள் என்று இன்கோடெர்ம்ஸ் விதிகளை வகுக்கும் சர்வதேச வர்த்தகச் சபையே சொல்கிறது. எந்தப் பெயரில் விலை பேசினாலும் சரி, புதிய வாங்குபவர் என்றால் ஃபார்வர்டரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அல்லது கப்பல் கம்பெனியின் மாஸ்டர் பி.எல்.லையே உங்கள் பெயரில் ‘டு ஆர்டர்’ போட்டு வாங்குங்கள். அதற்காக ஆர்டர் கைவிட்டுப் போனால் போகட்டும். துணியும் போய்ப் பணமும் போவதைவிட அது மேல்.

கேள்வி: தூத்துக்குடியில் ஏற்றும் சரக்கு கொழும்புக்குச் சீக்கிரமே போய்விடுகிறது. பி.எல். வங்கி வழியாகப் போய்ச்சேர இரண்டு வாரம் ஆகிறது. துறைமுகத்தில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுகிறது.
(வெங்காய ஏற்றுமதியாளர், திண்டுக்கல்)

பதில்: ஒரிஜினல் பி.எல். மாதக்கணக்கில் ஓடிய கப்பல்களுக்காகப் பிறந்த தாள். பக்கத்துத் துறைமுகத்துக்கு, பல வருடம் பழகிய வாங்குபவருக்கு, ‘சீ வே-பில்’ போதும். அதில் ஒரிஜினலை நீட்டத் தேவையில்லை. பெறுநர் தான் யாரென்று நிரூபித்தால் சரக்கு கிடைக்கும். முதல்முறை வாங்குபவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். வெங்காயம் அழுகும் என்பது அவருக்கும் தெரியும், முன்பணம் கேளுங்கள்.

கேள்வி: எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) ஆவணத்தில் ஒரு எழுத்துப் பிழைக்காக வங்கி பணத்தை நிறுத்திவிட்டது. சரக்கு தரமாகத்தான் போயிருக்கிறது. இது அநியாயமில்லையா?
(இயந்திர உதிரிபாக ஏற்றுமதியாளர், கோயம்புத்தூர்)

பதில்: வங்கி உங்கள் சரக்கைப் பார்க்கவே இல்லை, பார்க்கவும் கூடாது. 2007 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகளின் 5ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல. நீங்கள் தங்கமே அனுப்பியிருந்தாலும் தாளில் வெள்ளி என்றிருந்தால் அவர்களுக்கு வெள்ளிதான்.

ஆனால் எழுத்துப் பிழை என்ற உடனே தலைகுனிய வேண்டாம். பொருளை மாற்றாத எழுத்துப் பிழை குறையாகாது என்று வங்கிகளின் சர்வதேச நடைமுறைக் கையேடே சொல்கிறது. ‘மெஷின்’ என்பதில் ஆங்கில எழுத்து ஒன்று மாறினால் பரவாயில்லை. மாடல் எண் 321 என்பது 123 ஆனால் அது வேறு பொருள், அது குறைதான். உங்களுடையது எந்த வகை என்று பார்த்து, முதல் வகை என்றால் உங்கள் வங்கி மூலம் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். ஆவணம் கைக்கு வந்து ஐந்து வங்கி நாட்களுக்குள், எல்லாக் குறைகளையும் ஒரே நோட்டீஸில் அவர்கள் சொல்லியாக வேண்டும். பிந்தினால் மறுக்கும் உரிமை போய்விடும். உங்களுக்கும் கெடு உண்டு: எல்.சி.யில் வேறு நாள் குறிக்காவிட்டால் கப்பலேறிய 21 நாட்களுக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: எல்.சி.யில் கப்பலேற்றக் கடைசித் தேதி 30. கப்பல் கிளம்பியது 2ஆம் தேதி. பி.எல்.லில் 30 என்றே போட்டுத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். இரண்டு நாள்தானே?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: அது மோசடி. நாளை விலை இறங்கினால், சரக்கு வேண்டாமென்று சொல்ல வாங்குபவருக்கு அந்த இரண்டு நாளே போதும். கப்பல் எப்போது எங்கே நின்றது என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லி எல்.சி.யில் திருத்தம் கேளுங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை முந்திரி வரவழைத்தோம். பி.எல்.லில் இத்தனை டன் என்று இருக்கிறது. திறந்தால் மூட்டைகள் குறைவு, பாதி ஈரம். கப்பல் கம்பெனி கையை விரிக்கிறது.
(முந்திரி ஆலைக்காரர், பண்ருட்டி)

பதில்: பி.எல்.லில் எடைக்கு முன்னால் ‘செட் டு கன்டெய்ன்’ என்று இருக்கும். அனுப்பியவர் சொன்னார், நாங்கள் எண்ணவில்லை என்று அதற்கு அர்த்தம். பூட்டி சீல் வைத்த பெட்டியைத்தான் அவர்கள் வாங்கினார்கள். எனவே உங்கள் வழக்கு சீல் எண்ணில் நிற்கிறது. பி.எல்.லில் உள்ள எண்ணும் பெட்டியில் இருந்த எண்ணும் ஒன்றென்றால், மூட்டைக் குறைவுக்கு விற்றவரைப் பிடியுங்கள். வேறென்றால் கப்பல் கம்பெனியைப் பிடியுங்கள். ஈரம் தனிக் கதை. கூரையில் ஓட்டை இருந்து கடல்நீர் புகுந்திருந்தால் அவர்கள் பொறுப்பு. சரியாகக் காயாத கொட்டையை ஏற்றியதால் உள்ளே வியர்த்திருந்தால் விற்றவர் பொறுப்பு. அதைச் சர்வேயர்தான் சொல்ல முடியும்.

வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், ஒரு வருடத்துக்குள் வழக்கு. நாள் எண்ணிக்கொள்ளுங்கள். இனி சீலை உடைக்கும் முன் படம் எடுப்பதை ஆலையில் கட்டாயமாக்குங்கள். ஏற்றும் துறைமுகத்தில் தரச் சோதனை நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டுமென்று எல்.சி.யிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எச்.எஸ். குறியீட்டை (பொருளைச் சுங்கம் வகைப்படுத்தும் எண்ணை) தோராயமாகப் போட்டால் என்ன ஆகும்?
(புதியவர், ஈரோடு)

பதில்: வரி தவறும், டிராபேக் (கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது) தவறும், அங்கே உங்கள் வாங்குபவர் சுங்கத்தில் மாட்டுவார். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்குப் பொது. நம் நாட்டில் எட்டு. பருத்திப் பின்னல் டி-ஷர்ட்டுக்கு 610910 என்று தொடங்கும். பாலியெஸ்டர் என்றால் அது மாறும்.

கேள்வி: கிரானைட் ஏற்றுகிறோம். கூடுதலாக இரண்டு டன் இருந்தால் வி.ஜி.எம்.மில் (சரிபார்த்த மொத்த எடைத் தாளில்) குறைத்துப் போட்டுவிடச் சொல்கிறார்கள். கப்பலுக்கு இரண்டு டன் ஒரு எடையா?
(கிரானைட் தொழிலில் இருப்பவர், கிருஷ்ணகிரி)

பதில்: எல்லோரும் அப்படியே நினைத்தால் அது எடைதான். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் எம்.எஸ்.சி. நேபோலி என்ற கப்பலின் உடல் பிளந்தது. தரைதட்ட வைத்து அதன் பெட்டிகளைக் கரையேற்றினார்கள். மேல்தளத்தில் நனையாமல் தப்பிய சுமார் 660 பெட்டிகளை எடை போட்டுப் பார்த்தால், 137 பெட்டிகளில் அறிவித்த எடைக்கும் உண்மை எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். அந்தக் கப்பலின் கட்டுமானத்திலும் குறை இருந்தது. ஆனால் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று கணக்குப் போட்ட அதிகாரி பொய்யான எண்களை வைத்துக்கொண்டுதான் போட்டார். இத்தகைய அனுபவங்களின் விளைவாகத்தான் 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை இல்லாமல் கண்டெய்னரை ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. வி.ஜி.எம். தாளில் நீங்கள் போடும் கையெழுத்தை நம்பித்தான் இருபது இருபத்தைந்து மாலுமிகள் அந்தக் கப்பலில் தூங்குகிறார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. சரியான எடையைப் போடுங்கள்.

கேள்வி: எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது எங்கள் கடற்கரைக்கு என்ன வந்து ஒதுங்குகிறது என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. கப்பலில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் யாரிடம் இருக்கும்?
(மீனவக் குடும்பத்து வாசகி, நீர்கொழும்பு)

பதில்: அந்தப் பட்டியலுக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். கப்பலிலும், கப்பல் கம்பெனியிடமும், அதன் உள்ளூர் ஏஜென்ட்டிடமும், துறைமுகத்திலும், சுங்கத்திலும் இருக்கும். கரையில் வாழ்கிறவரிடம் மட்டும் இருக்காது.

2021 மே மாதம் அந்தக் கப்பலில் 1,486 கண்டெய்னர்கள். அவற்றில் 81 அபாயகரச் சரக்கு என்று பட்டியலில் குறித்தவை. 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலப் பெட்டி ஒன்று கசிவது கொழும்புக்கு வரும் முன்பே தெரிந்துவிட்டது; கத்தாரின் ஹமத் துறைமுகமும் குஜராத்தின் ஹசிராவும் அதை இறக்கிக்கொள்ள மறுத்துவிட்டன. தாளில் அமிலம் என்று சரியாகவே எழுதியிருந்தும், அந்தத் தாள் யாரையும் நேரத்துக்குச் செயல்பட வைக்கவில்லை. இன்னொரு பக்கம், உங்கள் கரையை மூடிய பிளாஸ்டிக் குருணை ஏறத்தாழ 1,680 டன். அது சர்வதேசக் கடல்வழி அபாயச் சரக்கு விதியின்படி அபாயகரப் பொருளே அல்ல. எனவே எச்சரிக்கைப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. விதியில் இருந்த ஓட்டைக்கு நீங்கள் விலை கொடுத்தீர்கள்.

2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதில் 640 கண்டெய்னர்கள்; 13இல் அபாயகரச் சரக்கு, அவற்றில் 12 கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை விடுகிற பொருள். அந்தப் பெட்டியைக் கரையில் முதலில் தொடப்போகிறவர் மீனவர். விபத்து நடந்த அன்றே, சிங்களத்திலோ தமிழிலோ மலையாளத்திலோ, அந்த ஊர்மக்கள் படிக்கிற மொழியில் மேனிஃபெஸ்ட்டின் சாரத்தைப் பொதுவில் வைப்பதை அரசுகள் சட்டமாக்க வேண்டும். வணிக ரகசியம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் மாட்டியபோது, ஒரு தப்பும் செய்யாத சரக்குக்காரர்களிடமும் பணம் கேட்டார்களாமே?
(வாசகர், திருச்சி)

பதில்: ஆம். ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற மிகப் பழைய விதி. கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவை, சரக்கின் மதிப்புக்கு ஏற்ப எல்லோரும் பகிர வேண்டும். 2021 மார்ச் 23இல் மாட்டிய கப்பல் 29இல் விடுபட்டாலும் ஜூலை 7 வரை கால்வாயைவிட்டு வெளியேறவில்லை. ஆவரேஜ் பாண்டில் கையெழுத்தும் ஜாமீனும் கொடுத்த பிறகே பெட்டி கிடைக்கும். மரைன் இன்ஷூரன்ஸ் வைத்திருந்தால் ஜாமீனை அவர்கள் கொடுப்பார்கள். வைக்காதவர் சொந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். எந்த விலை முறையில் விற்றாலும் இன்ஷூரன்ஸ் யார் எடுக்கிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: புதுச் சட்டம் வந்துவிட்டது, இனிக் காகித பி.எல். கிடையாது என்கிறார்களே?
(கிளியரிங் ஏஜென்ட், சென்னை)

பதில்: சட்டம் வந்தது உண்மை. மூன்றே பிரிவுகள் கொண்ட 1856ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2025இல் நாடாளுமன்றம் புதிய பில் ஆஃப் லேடிங் சட்டத்தை இயற்றியது. 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குச் சட்டமும் அதே வருடம் மாற்றப்பட்டது. அதனால் காகிதம் மறைந்துவிடவில்லை. இங்கிலாந்து 2023இல், மின்வடிவ பி.எல்.லுக்கும் காகிதத்துக்கும் ஒரே தகுதி என்று தனிச் சட்டமே போட்டது. பெரிய கப்பல் கம்பெனிகள் ஒன்பது, 2030க்குள் முழுவதும் மின்வடிவத்துக்கு மாறுவதாக உறுதி சொல்லியிருக்கின்றன. இங்கிலாந்துச் சட்டத்தில் உள்ள தெளிவு நமக்கும் வேண்டும். கூரியருக்காகக் காத்திருந்து டெமரேஜ் கட்டுகிறவர் சிறு வியாபாரிதான்; முதலில் பயன்பட வேண்டியதும் அவருக்கே.

கேள்வி: ஏற்றுமதிக் கம்பெனியில் டாகுமென்டேஷன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: பி.எல். டிராஃப்ட்டில். கப்பல் கம்பெனி அச்சிடும் முன் சரிபார்க்க அனுப்பும் நகல் அது. பல அலுவலகங்களில் மாலை ஆறு மணி அவசரத்தில் ‘ஓகே’ என்று பதில் போட்டுவிடுகிறார்கள்.

பெறுநர் பெயர் எல்.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா, இறங்கும் துறைமுகம் சரியா, ஃப்ரெய்ட் ‘ப்ரீபெய்ட்’டா ‘கலெக்ட்’டா, ஒரிஜினல் எத்தனை என்று பாருங்கள். கண்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். கடைசி இலக்கம் முந்தையவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது, எனவே ஒரு எண் மாறினாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சீல் எண்ணை யார்டிலிருந்து வந்த படத்தோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் மேலதிகாரி முகம் சுளித்தாலும் கேளுங்கள். டிராஃப்ட்டில் திருத்தினால் செலவில்லை. பி.எல். வெளிவந்து மேனிஃபெஸ்ட்டும் சுங்கத்துக்குப் போய்விட்டால், அதே திருத்தத்துக்குக் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டிவரும்.